பயாஸா, யூஇஎஃப்ஐயா?

கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடத்துக்கு, பென்டிரைவில் ஒரு மெய்நிகர் கணினியின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வட்டுக் கோப்பை மட்டும் கொண்டுவந்தேன். இயக்கினால் கறுப்புத் திரையில் ‘ஷெல்>’ என்ற கட்டளைக் குறி மட்டும் மினுங்குகிறது. கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள் இரண்டு வகை: பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ. இந்தக் கணினி யூஇஎஃப்ஐ வகை. அதன் குணம் இது: எதைத் துவக்குவது என்ற குறிப்பை வட்டுக்கு வெளியே, என்விரேம் கோப்பில் வைத்திருக்கும். அதைத்தான் ஊரிலேயே விட்டுவிட்டேன். ‘எஃப்எஸ்0:’ என்று அடித்து வட்டுக்குள் போய், இஎஃப்ஐ அடைவுக்குள் துவக்கக் கோப்பைத் தேடி இயக்கியதும் எழுந்துகொண்டது.

பயாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. வட்டின் முதல் 512 பைட்டைப் படித்துப் புறப்பட்டுவிடும். ஆனால் யூஇஎஃப்ஐக்கென நிறுவியதைப் பயாஸில் போட்டால் துவக்க வட்டே இல்லை என்று கைவிரிக்கும். வட்டில் பழுதே இருக்காது. விண்டோஸ் 11 பயாஸை ஏற்பதில்லை. சோதனைக்குப் போடும் பழைய லினக்ஸுக்கு எனக்குப் பயாஸே போதும். மற்றதற்கெல்லாம் யூஇஎஃப்ஐ, என்விரேம் கோப்போடு.