மணலுக்கு ஒரு சங்கு: என் ஒரு வருட அனுபவம்

என் கடல்நீர்த் தொட்டி 200 லிட்டர், அடியில் 5 சென்டிமீட்டர் மணல். மூன்றாம் மாதமே மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் பரவிவிட்டது. பதறிப்போய், 'மணல் துப்புரவுக் கூட்டம்' என்று ஒரு கடையில் விற்ற தொகுப்பை அப்படியே வாங்கிவிட்டேன். ஆறு நசாரியஸ் நத்தை, ஆறு செரித் நத்தை, ஒரு ஃபைட்டிங் காங்க் சங்கு, மணலைக் கிளறும் நட்சத்திரமீன் ஒன்று.

சங்கைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். காலையில் விளக்கு எரிந்ததும் மணலுக்குள்ளிருந்து காம்பு போல இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும். அப்புறம் யானைத் தும்பிக்கை மாதிரி வாய் நீண்டு, இடமும் வலமும் மணலைத் தடவிக்கொண்டே போகும். போன வழியெல்லாம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை மணல் தெரியும். அந்தப் பழுப்புப் படலம் டயட்டம் என்ற நுண்பாசி. சங்குக்கு அதுதான் சாப்பாடு. பத்தே நாளில் முன்பக்கம் தெளிந்துவிட்டது. இந்த அளவுத் தொட்டிக்கு ஒன்று போதும். மணல் தெளிந்த பிறகு அது பசியில் வாடக் கூடாது என்று, அடியில் மூழ்கும் பாசி வில்லை போட்டு வருகிறேன்.

நசாரியஸ் பாசியைத் தொடாது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். மணலுக்கு வெளியே ஒரு குழலை மட்டும் நீட்டியபடி புதைந்து கிடக்கும். மீன் தவறவிட்ட இறால் துணுக்கு விழுந்தால் போதும், ஆறும் மணலைப் பிளந்துகொண்டு எழுந்து வரும். மிச்சத் தீனி அழுகாமல் இருப்பது இவற்றால்தான். செரித் இரவில் வேலை செய்யும். அதில் குறை இல்லை.

நட்சத்திரமீன் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. மணலை நன்றாகக் கிளறியது, உண்மைதான். ஆனால் அது அழுக்குக்காகக் கிளறவில்லை. மணலில் வாழும் புழு, குட்டி நத்தை, கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிரிகள், இவைதான் அதற்கு இரை. மணலை உயிரோடு வைத்திருப்பவையும் அவைதான்! எல்லாம் தீர்ந்ததும் நான்காம் மாதம் அதன் கை நுனிகள் கரையத் தொடங்கின. தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, மற்ற அளவுகளும் சரி. பட்டினியில்தான் செத்தது. இத்தனை சிறிய தொட்டிக்கு அதைத் தொகுப்பில் சேர்த்து விற்பது தவறு.

அதற்குப் பதிலாக டைமண்ட் கோபி மீன் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே சலித்து இரை தேடும் மீன். சிறிய தொட்டியில் அதே பட்டினிதான், போதாததற்குப் பவளங்கள் மேல் மணலையும் கொட்டும்.

ஆகவே தொகுப்பாக வாங்காமல் சங்கையும் நத்தைகளையும் தனித்தனியாக வாங்குங்கள். அவை வந்த நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து போட்ட தொட்டி என்றால் இவற்றில் ஒன்றையும் விடாதீர்கள்.