13 வருடமாகச் சாம்பல் போடுகிறோம்

தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் போட்டுப் பாவிக்கிற எங்கள் வீட்டுக் கக்கூஸைப் பற்றி யார் விசாரித்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நாறாதா? நாறும். எப்போது நாறும், யாரால் நாறும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். 2012 ஆவணியில் கட்டினோம், இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறோம். அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் வளவு இலங்கையின் திருகோணமலைக் கரையில், நிலாவெளி தாண்டி குச்சவெளிப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில். முழுக்க மணல். கிணறு பத்தடி கூட இல்லை, மார்கழியில் குனிந்து கையால் அள்ளலாம். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கிறது, மோட்டர் போட்டு அவசரமாக இறைத்தால் கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். 2004 சுனாமியில் கிணற்றுக்குள் கடலே வந்து போனது, அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில்தான். அப்படிப்பட்ட தண்ணீரை ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி அள்ளிக் கக்கூஸில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஊற்றினாலும் போக வேண்டுமே. மாரி தொடங்கினால் குழிக்குள் ஊற்று நீர் நிறைந்துவிடும், ஊற்றுகிற தண்ணீர் கொப்பளித்துத் திரும்பி வரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது சரிதான், ஆனால் பக்கத்து வளவுக் குழி எங்கள் கிணற்றுக்கு 30 அடியில் இருந்தால் நான் எதை நகர்த்துவது? மணலில் அந்த அழுக்கு வடிபடாமலே கிணற்றுக்கு நடந்து வந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் மாதிரிக்கு என்று சில வீடுகளுக்குக் கட்டிக் கொடுத்தது. நிலத்துக்கு மேலே சீமெந்தில் இரண்டு அறை, அதற்கு மேலே தட்டு, ஏறிப் போக ஐந்து படி. தட்டில் வலப்பக்கம் ஒரு துளை, இடப்பக்கம் ஒரு துளை, நடுவில் கழுவுகிற இடம். ஒரு நேரத்தில் ஒரு துளைதான் பாவனையில் இருக்கும், மற்றது மூடிக் கிடக்கும். சிறுநீர் முன்பக்கப் பள்ளத்தால் குழாயில் இறங்கி வெளியே 20 லீற்றர் கானுக்குப் போகும். மலம் அறைக்குள் விழும், மேலே ஒரு சிரட்டை சாம்பல். பிறகு குந்தியபடியே நடுவுக்கு நகர்ந்து கழுவ வேண்டும், அந்தத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். மூன்றும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. முழுச் சூட்சுமமும் அவ்வளவுதான்.

அந்த நகர்தல் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. காகிதத்தால் துடைக்கிற ஊருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நாங்கள் கழுவுகிற சனம். வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது, விருந்தாளிக்குத்தான் பழகவில்லை. மைத்துனியின் கலியாணத்துக்கு வந்த ஒரு பெரியப்பா, நான் வாசலில் நின்று விளங்கப்படுத்தியதற்கெல்லாம் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரை அப்படியே மலத் துளைக்குள் ஊற்றிவிட்டு, "நல்ல சுத்தமாக்கிட்டன்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். மூன்று கிழமை நாறியது. புழு வந்தது. உமிச்சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கொட்டித்தான் காய வைத்தோம். நாறுகிற கேள்விக்குப் பதில் இதுதான், ஈரம் உள்ளே போனால் நாறும், காய்ந்து கிடந்தால் வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் பக்கத்தில் நின்று பல்லுத் துலக்கலாம்.

சரி, சாம்பல். ஆரம்பத்தில் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, விறகடுப்பு இருந்தது, சாம்பல் தானாகச் சேர்ந்தது. 2016இல் காஸ் அடுப்பு வாங்கினோம். இரண்டு மாதத்தில் சாம்பல் பீப்பா காலி! கட்டிக் கொடுத்தவர்களின் படத்தில் அறை இருந்தது, குழாய் இருந்தது, துளைகளின் அளவு அங்குலத்தில் இருந்தது, சாம்பல் எங்கிருந்து வரும் என்று மட்டும் இல்லை. எங்கள் கடற்கரை மணலைப் போட்டுப் பார்த்தேன், அது ஈரத்தை இழுக்காது, பாரம்தான் கூடியது. பிறகு தம்பலகாமத்தில் இருக்கிற உறவுக்காரர் மூலம் அரிசி ஆலை உமிச்சாம்பல் மூட்டை மூட்டையாக வந்தது. என் கணவர் மீன் கொடுத்துவிட்டுச் சாம்பல் வாங்கி வருவார், ஊரெல்லாம் சிரித்தது. 2022இல் காஸ் வரிசையில் நாள் கணக்காக நின்றும் கிடைக்காமல் எல்லா வீட்டிலும் விறகு எரிந்தபோது கேட்காமலே சாம்பல் கொண்டு வந்து தந்தார்கள். நாடே அழுத வருடத்தில் எங்கள் கக்கூஸ் மட்டும் நன்றாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் அறை ஒன்றரை வருடத்தில் நிரம்பியது. மூடிவிட்டு மற்றப் பக்கத்துக்கு மாறினோம். வெப்ப நாடுகளில் ஒரு வருடத்துக்கு மேல் மூடி வைத்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி சொல்கிறது. உருளைப்புழு முட்டைதான் கடைசியாகச் சாகிறது, அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. நாங்கள் ஒன்றரை வருடம் விட்டோம். திறக்கிற நாள் வந்தது, ஆள் வரவில்லை. கூலிக்குக் கேட்ட இரண்டு பேரும் "அது எங்கட வேலை இல்லை அக்கா" என்றார்கள். அது யாருடைய வேலை என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடலில் எந்த அழுகலையும் கையால் தொடுகிற இவரும் இரண்டு நாள் சாக்குச் சொன்னார். கடைசியில் நான் கையுறை போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினேன். உள்ளே கறுப்பாக, உதிரியாக, தேயிலைத் தூள் மாதிரி. முகர்ந்து பார்த்தேன், முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த மணம். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு மற்ற மண்வெட்டியை எடுத்தார். அத்தனையும் தென்னைக்கும் முருங்கைக்கும் அடியில் புதைத்தோம்.

சிறுநீர்க் கான் மூன்று நான்கு நாளில் நிரம்பும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல், அடியில் சின்ன வாய்க்கால் வெட்டி ஊற்றி மண்ணால் மூட வேண்டும். வாழையும் மரவள்ளியும் அள்ளிக் குடிக்கும். பயற்றங்காய்க்கு ஊற்றி ஆடியில் கருக விட்டேன், ஏற்கனவே உப்பான மண்ணில் சிறுநீரின் உப்பும் சேர்ந்தால் மழை வந்து கழுவும் வரை செடிதான் தாங்க வேண்டும். கீரைக்கு நான் ஊற்றுவதே இல்லை, அது பயம்தான். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் கைவிடும் வரை யூரியாவுக்குத் திண்டாடிய மாதங்களில், எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களில் ஒருவரே இருட்டுப்பட்ட பிறகு வந்து, இரண்டு கான் கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். கானை மட்டும் திருப்பித் தரவில்லை.

பழுதுகள். பின்பக்கத் தகரக் கதவை உப்புக் காற்று இரண்டே வருடத்தில் தின்றுவிட்டது, இப்போது சீமெந்துப் பலகை வைத்துக் களிமண்ணால் பூசியிருக்கிறோம். சிறுநீர்க் குழாயின் வளைவில் வெள்ளையாகக் கல் மாதிரிப் படியும், மாதம் ஒருமுறை வினாகிரியும் கொதிநீரும். காற்றுக் குழாயின் மேல் வலை இற்றுப்போனால் இலையான் வந்துதான் சொல்லும்.

புரெவி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு அந்தப் புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. மழையில் அக்கம்பக்கத்துக் குழிகள் எல்லாம் நிரம்பி முற்றத்துக்கு வந்துவிட்டன. நிலத்துக்கு மேலே நின்றதால் எங்களுடையது அசையவில்லை. நான்கு வீட்டுச் சனம் வரிசையில் நின்றது, மாமி படியடியில் கதிரை போட்டு இருந்துகொண்டு "தண்ணி நடுவில, சாம்பல் துளையில" என்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தார். இரண்டு நாளில் ஒரு மூட்டைச் சாம்பல் முடிந்தது.

அதே மாமிக்குத்தான் இது கடைசியில் உதவவில்லை. முழங்கால் போன பிறகு ஐந்து படியும் மலை. குந்தி நகர்வது அவரால் முடியாத காரியம். ஓட்டை வைத்த கதிரையும் கீழே வாளியும் வைத்து, நான் கொண்டு போய்க் கொட்டினேன், இரண்டு வருடம். முதியவர்கள் இருக்கிற வீடு என்றால் கட்டும்போதே சரிவுப் பாதையும் கைப்பிடியும் கேளுங்கள், எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் முசிறியில் இப்படியான பொதுக் கழிப்பறைக்கு வந்து போகிறவர்களுக்குக் காசு கொடுத்தார்களாம். சாம்பல் சுமக்கிற பெண்களுக்கும் கொடுத்திருந்தால் நானும் அங்கே போயிருப்பேன்.

இப்போது எங்கள் ஒழுங்கைக்கும் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. இவர் வீட்டுக்குள் தண்ணீர்க் கக்கூஸ் கட்டலாம் என்கிறார், மகளின் கலியாணப் பேச்சு நடக்கிறது, வருகிறவர்களுக்குச் சாம்பல் பாடம் எடுக்க முடியாது என்பது அவர் வாதம். கட்டட்டும். ஆனால் குழி இல்லை, அடி பூசிய மூடிய தொட்டிதான், கிணற்றை நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் மகனுக்கும் பழையது போதும். இடப்பக்க அறை தை மாதம் திறக்க வேண்டும். சந்திப் பேக்கரிக்காரத் தம்பி போறணைச் சாம்பல் இரண்டு மூட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார், வாடை தொடங்கிவிட்டது, அதை நனையாமல் எங்கே வைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.