பிறந்த வீட்டைக் காட்டும் காகிதம் எது? அமெரிக்கத் தென் மாநில ஆவணங்கள், ஓர் ஒப்பீடு

அமெரிக்கத் தென் மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மூதாதைப் பெண் ஒருத்தியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று தெரியும். யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. மணமான பெண்ணுக்கு அன்று தனிச் சொத்துரிமை அநேகமாக இல்லை (மிசிசிப்பி 1839-இல் ஓரளவு தந்தது). நிலமும் வரியும் கணவன் பெயரில், ஆகவே காகிதமும் அவன் பெயரில். அவன் நிலத்தை விற்கும்போதும் அவன் செத்த பிறகும்தான் அவள் எழுத்தில் தலைகாட்டுகிறாள். அதனால்தான் எங்கள் வாக்கு கோர்ட் கட்டுகளுக்கு. கணக்கெடுப்பு அவள் எங்கே இருந்தாள் என்று சொல்லும்; யார் என்பதைக் கோர்ட்தான் சொல்லும்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு

தொடங்க இதுவே சரி. இலவசம்; கோர்ட் எரிந்துபோன கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) கிடைக்கும். ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுவாரியான எண்ணிக்கை. சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவர் பெயரும் 1850-இல் வருகிறது. தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-இல்தான். 1890 பதிவுகள் 1921-இல் வாஷிங்டன் தீயில் சேதமாகி, ஏறக்குறைய முழுதும் அழிந்தன. அந்த இருபது வருட இடைவெளிக்குள் ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு பெயருக்குப் போய்விட முடியும்.

அடிக்கடி நடக்கும் தவறு: 1880-இல் ‘மகன்’ என்றால் தலைவருக்கு மகன். பக்கத்தில் இருக்கும் மனைவி பெற்றவன் என்று பொருளல்ல. 1900 பதிவோடு ஒத்துப் பாருங்கள். பிறந்த மாதமும் வருடமும், மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பெற்றாள், எத்தனை உயிரோடு என்பதெல்லாம் அதில் உண்டு. மணமாகி 12 வருடம், மூத்தவனுக்கு வயது 17 என்றால் பெரும்பாலும் அவன் மூத்தாள் பிள்ளை. 1850-இலோ 1860-இலோ வீட்டில் வேறு குடும்பப் பெயரோடு ஒரு கிழவி இருந்தால், அவள் கணவனின் மாமியாராக, அதாவது நீங்கள் தேடும் பெண்ணின் தாயாக இருக்கலாம்; அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு முன்னும் பின்னும் சில பக்கங்கள் படியுங்கள்.

கல்யாண ஜாமீன் பத்திரம்

கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று மாப்பிள்ளை ஜாமீன் எழுதித் தரும் பத்திரம் இது. வட கரோலினாவில் 1868 வரை உண்டு. மாப்பிள்ளையோடு கையெழுத்திடும் ஜாமீன்தாரர் பல நேரம் பெண்ணின் அண்ணனோ அப்பாவோ. அதுதான் இதன் மதிப்பு. பெற்றோர் பெயர் கிடையாது. தேதியும் பத்திரத்தின் தேதிதான், கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியல்ல. பெண் விதவையாக இருந்தால், அதிலுள்ள குடும்பப் பெயர் முதல் கணவனுடையது. அந்தப் பெயரில் அப்பனைத் தேடினால் வருடக்கணக்கில் தேடலாம். தென் கரோலினாவில் 1911 வரை மாநில அளவில் கல்யாண உரிமமே இல்லை. லூசியானா நேர் எதிர்: பிரெஞ்சு வழிச் சட்டம் என்பதால் நோட்டரி ஆவணங்களில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடே வருகிறார்கள். உங்கள் மூதாதை அங்கே என்றால் பாதி வேலை மிச்சம்.

நிலப் பத்திரம், புரோபேட், பாகப்பிரிவினை

கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆயுள் வரைக்கும், விதவைக்கு உரியது. ஆகவே நிலம் வாங்குகிறவன் மனைவியின் சம்மதத்தையும் கேட்பான். அதிகாரி அவளைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து விசாரித்து எழுதும் அந்தக் குறிப்பில் அவள் பெயர் இருக்கும். 1832 பத்திரத்தில் மேரி, 1841-இல் எலிசபெத் என்றால் மனைவி மாறியிருக்கிறாள். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அட்டவணையில் கணவன் பெயரும் ‘மற்றும் மனைவி’ என்பதும்தான் இருக்கும். பத்திரத்தையே திறந்தாக வேண்டும்.

இறந்தவர் சொத்தைக் கோர்ட் பைசல் செய்யும் புரோபேட் கட்டில் உயில் கிடைத்தால் எல்லாரும் மகிழ்கிறார்கள். உயில் எழுதாமல் செத்தவனே நமக்கு உபகாரி. கல்யாணத்தின்போதே பங்கு வாங்கிப் போன மகளை உயிலில் விட்டுவிடலாம். பாகப்பிரிவினை மனுவில் விட முடியாது. வாரிசுகள் அத்தனை பேரும், மணமான பெண்கள் கணவன் பெயரோடும், இறந்த மகளுக்குப் பதில் அவள் பிள்ளைகளும் வழக்கின் தரப்பினராக வருவார்கள். வர்ஜீனியா மாநில நூலகம் இவ்வகைச் சான்சரி (சொத்துத் தகராறு போன்றவற்றை நியாய அடிப்படையில் தீர்க்கும் கோர்ட்) வழக்குகளின் அட்டவணையை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல கவுண்டிகளின் கட்டுகளே படமாகக் கிடைக்கும்.

பலர் தவறவிடும் வழி ஒன்று: அவள் அப்பா இறந்தபோது பங்கை வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் பெரும்பாலும் அவள் கணவன். எனவே கணவன் பெயரை மற்றவர்களின் புரோபேட் கணக்குகளுக்குள் தேடுங்கள். பேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் முழு உரைத் தேடல் கையெழுத்துப் பக்கங்களையும் படிப்பதால், அட்டவணையில் இல்லாத பெயரும் அகப்படும். கணவனின் ஜாமீன்தாரர், சாட்சி, பிள்ளைகளின் கார்டியன் என்று ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தால், அந்தக் குடும்பத்தின் கட்டுகளை முதலில் எடுங்கள். தாய் உயிரோடு இருக்கும்போதே, தகப்பன் செத்தால் பிள்ளைகளின் சொத்துக்குக் கோர்ட் கார்டியன் நியமிக்கும். தாய்மாமன் அந்த இடத்துக்கு வருவதுண்டு.

அடிமையாக இருந்த பெண்

இங்கே மேற்சொன்ன வரிசை செல்லாது. அடிமைகளின் கல்யாணத்துக்குச் சட்ட மதிப்பில்லை. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும். பெயர்கள் கிடைப்பது எஜமானின் புரோபேட் மதிப்பீட்டுப் பட்டியலில். தாயும் கைக்குழந்தையும் ஒரே வரியில் ஒரே விலைக்கு எழுதப்பட்டிருப்பதும் உண்டு. எஜமானின் மனைவி எந்த வீட்டுப் பெண் என்பதையும் கண்டுபிடியுங்கள். மகளுக்குச் சீதனமாக அடிமைகளை அனுப்புவது வழக்கம் என்பதால், உங்கள் மூதாதையின் தாய் அந்தப் பிறந்த வீட்டுப் பட்டியலில் இருக்கக்கூடும். 1866-இல் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் எழுதப்பட்ட, விடுதலையான தம்பதிகளின் சேர்ந்து வாழ்ந்தோர் பதிவேடுகளும், 1865 முதல் 1874 வரை விடுதலையான அடிமைகளுக்காக இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் ஏடுகளும் அடுத்து.

விதவை பென்ஷன்

உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் படைக்கான பென்ஷனை மத்திய அரசு தரவில்லை, மாநிலங்கள் தந்தன. கணவன் எந்த மாநிலப் படையில் இருந்தாலும், அவள் பின்னால் குடியிருந்த மாநிலத்தில் தேடுங்கள். வட கரோலினா 1885-இலும் டெக்சஸ் 1899-இலும் தொடங்கின. படிவம் சிறியது, பிறந்த வீட்டுப் பெயர் அபூர்வம்.

எதிர்த் தரப்பான மத்திய அரசின் யூனியன் படைக்குரிய பென்ஷன் கோப்பு இதைவிடப் பல மடங்கு தடிமன். தென்னாட்டுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று தாண்டிப் போகாதீர்கள்: கிழக்கு டென்னசியிலிருந்தும் வடக்கு அலபாமாவிலிருந்தும் யூனியன் படைக்குப் போன வெள்ளையர்கள் உண்டு, கறுப்பினப் படைவீரர்கள் பெரும்பாலும் தென்னாட்டவரே. கல்யாணத்துக்கும் பிள்ளைகள் பிறப்புக்கும் விதவை அத்தாட்சி காட்ட வேண்டும். காகிதம் இல்லாத கறுப்பின விதவைகளுக்காக, அவளோடு ஒரே பண்ணையில் இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். எஜமான் பெயர், கல்யாணம் நடத்தியவர், இறந்த குழந்தைகள் எல்லாம் அதில் வரும். தேசிய ஆவணக் காப்பகத்தின் டி288 அட்டவணையில் படைவீரன் பெயரைத் தேடி, விதவைக்கு உரிய எண்ணைக் குறித்துக்கொண்டு முழுக் கோப்பையும் கேளுங்கள். அவள் மறுமணம் செய்திருந்தால் சிறுபிள்ளைகளின் பெயரில் கார்டியன் கொடுத்த விண்ணப்பம் தனி எண்ணில் இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.