மொட்டை மாடிக்கு மண் தொட்டியா, ஹைட்ரோபோனிக்ஸா?

செலவு: மண் என்றால் செம்மண், மண்புழு உரம், ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளி போதும். மண்ணே இல்லாமல், உரம் கலந்த நீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸுக்குக் குழாய், மோட்டார், உரக் கரைசல், அதன் அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் என்று பட்டியல் நீளும்.

பராமரிப்பு: மண்ணில் களை, பூச்சி. கரைசலில் பிஎச் 5.5–6.5 தாண்டாமல் அடிக்கடி பார்க்கணும்.

வெயில்: சென்னைக்காரர்கள் இதைத்தான் முதலில் யோசிக்கணும். சித்திரை வெயிலில் கரைசல் சூடாகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். வெள்ளை வேர் பழுப்பாகி, கொழகொழத்து, நாற்றமடிக்கும். கரன்ட் போனால் மோட்டார் நின்று, குழாயில் வேர் காயத் தொடங்கும். மண்ணோ, ஒரு வேளை தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கும்.

கத்தரி, வெண்டை, கறிவேப்பிலைக்கு யோசிக்காமல் மண். உச்சி வெயில் படாத, வெளிச்சமான பால்கனியில் லெட்யூஸ், புதினா என்றால் ஹைட்ரோபோனிக்ஸ். அதையும் மோட்டாரே வேண்டாத, தேங்கிய கரைசலிலேயே செடி வளரும் கிராட்கி முறையில், ஒரு டப்பாவில் தொடங்குங்கள்.