பித்தப்பை அறுவை: அம்மாவின் தழும்பும் என் நான்கு துளைகளும்

என் தாயாருக்கு 1994-ல் பித்தப்பையை அகற்றியபோது, வலது விலாவுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் நீளத்திற்கு வயிற்றைத் திறந்தார்கள். மும்பையில் டாக்டர் தெகம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமராவின் உதவியோடு செய்யும் துளைமுறையில், பித்தப்பையை அகற்றி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தும், எங்கள் ஊருக்கு அது வந்திருக்கவில்லை. எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்த அம்மாவுக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்க இரண்டு மாதம் ஆயிற்று.

சென்ற மாதம் எனக்கு அதே உறுப்பை நான்கு துளைகளின் வழியே எடுத்தார்கள். அவற்றில் பெரியது ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மறுநாள் மாலை வீடு திரும்பினேன். பத்தாம் நாள் அலுவலகம் சென்றேன். வலி, தழும்பு, பின்னாளில் தையலிட்ட இடத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு ஆகிய மூன்றிலும் துளைமுறையே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. வயிற்றை உப்பச் செய்யச் செலுத்தும் கரியமில வாயு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மாரடைப்போ என்று வீட்டில் அனைவரும் அஞ்சினோம்.

ஆனால் இரு முறைகளையும் ஒப்பிடும்போது தழும்பைவிட முக்கியமானது பித்தநாளத்தின் பாதுகாப்பு. எந்த முறையானாலும் உள்ளே நடப்பது ஒன்றே: பித்தப்பையின் குழாயையும் தமனியையும் அடைத்துத் துண்டித்து, கல்லீரலிலிருந்து பையைப் பிரித்தெடுக்கிறார்கள். கல்லீரலிலிருந்து குடலுக்குச் செல்லும் பொதுப் பித்தநாளத்தைப் பித்தப்பையின் குழாய் என்று தவறாகக் கருதி வெட்டிவிடுவதே இதில் பெரிய ஆபத்து. அரிதாகவே நேரும் இந்தக் காயம், துளைமுறை பரவிய தொடக்கக் காலத்தில் திறந்த முறையைவிடச் சற்று அதிகமாகவே நேர்ந்தது. கடும் அழற்சியால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது எந்தக் குழாய் என்று தெளிவாகத் தெரியாதபோது, துளைமுறையை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறப்பது மருத்துவரின் தோல்வி அன்று. நோயாளிக்கு அவர் செய்யும் நன்மை.

ஆகவே, மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், எந்த நிலையில் திறந்த முறைக்கு மாறுவீர்கள் என்று அறுவை மருத்துவரிடமே கேட்க வேண்டும். என் மருத்துவர் நான் கேட்காமலேயே அதை விளக்கி, அதற்கும் சேர்த்தே ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கினார். தோள்வலியைச் சொல்லாத குறையையும் மீறி நான் அவரைப் பிறருக்குப் பரிந்துரைப்பது அதனால்தான்.