திருகோணமலையில் பிள்ளைகளுக்கான பேஸ்பால் வகுப்பு: ஒன்பது மாதம் அனுப்பிப் பார்த்ததில்

மகன் பேஸ்பால் பழகப் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து பாடசாலை வாசலில் நிற்கிற அம்மாமார் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். மாதம் எவ்வளவு, பந்து பட்டால் பல்லுப் போகுமா, சேர் ஏசுவாரா, இதைப் பழகினால் கிரிக்கெட் கெட்டுப்போகாதா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். வகுப்பின் பெயர் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், சேர் நல்ல மனிதர், அவரை இழுத்துவிட மனமில்லை. சனிக்கிழமை பின்னேரம் டவுன் பக்கம் பெரிய தோல் கையுறையை சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போகும் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

மகனுக்குப் பதினொரு வயது. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு ஒரு கிரிக்கெட் பயிற்சியில் சேர்த்திருந்தோம். முப்பது பிள்ளைகள், ஒரே ஒரு வலை. நன்றாக ஆடுகிற நாலைந்து பேர் துடுப்பெடுத்தார்கள், உயரமான இரண்டு பேர் பந்து வீசினார்கள், மிச்சப் பேர் வலைக்கு வெளியே நின்று பந்து பொறுக்கினார்கள். என் மகன் பொறுக்குகிற கூட்டம். பந்து பொறுக்குவதற்கு நான்கு மாதம் காசு கட்டியிருக்கிறேன் என்பது ஒரு நாள் மதிலோரம் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. கேட்டதற்கு, "அவன் கொஞ்சம் வளரட்டும் அக்கா, பிறகு பாப்பம்" என்றார்கள். நான் அனுப்பினதே வளர்த்துவிடுவார்கள் என்றுதான்.

பேஸ்பால் என்றதும் வீட்டில் மாமா சிரித்தார். "எல்லேயைத் தொப்பி போட்டு விளையாடுறாங்கள், அதுக்கு மாதம் இரண்டாயிரத்தைந்நூறா?" என்றார். அரைவாசி சரிதான். எல்லே என்கிற நம் நாட்டு விளையாட்டை விளையாடினவர்களுக்கு இது பாதி தெரிந்த விளையாட்டு: அடித்துவிட்டு ஓட வேண்டும், சுற்றி வர வேண்டும், பிடி எடுத்தால் ஆள் அவுட். மற்றப் பாதியில்தான் வேடிக்கை. எல்லேயில் ஓடுகிறவனின் உடம்பில் பந்தை எறிந்தே அவுட் ஆக்கலாம். பேஸ்பாலில் அது கூடாது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அவன் கட்டாயம் போக வேண்டிய பேஸில் (ஓடிப்போய்க் கால் வைக்கிற நாலு இடங்களில் ஒன்று) அவனுக்கு முன்னால் பந்தோடு கால் வைக்க வேண்டும். ஓடி விளையாடத் தொடங்கிய புதிதில் எங்கள் பிள்ளைகள் முன்னால் ஓடுகிறவனின் முதுகுக்குக் குறி வைத்துக்கொண்டே இருந்தார்கள். கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேறு வியாதி, துடுப்பையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். என் மகன் முதல் பேஸுக்குக் கிட்டப் போய் ரன் அவுட்டிலிருந்து தப்புகிற மாதிரித் துடுப்பை நிலத்தில் இழுத்து நீட்டினான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சேர் சிரிக்கவில்லை, துடுப்பை வாங்கி வைத்துவிட்டு, "இன்னொருக்கா ஓடு தம்பி, முதல் பேஸைத் தாண்டியும் ஓடலாம், அங்க நிப்பாட்டத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னார். ஏச்சுப் பற்றிக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அந்தத் துடுப்புக் கூட நாலாவது கிழமைதான் கைக்கு வந்தது. முதல் மூன்று கிழமையும் எறிவதும் பிடிப்பதும் மட்டுமே. எனக்கே அலுப்புத் தட்டியது, இரண்டு பிள்ளைகள் நின்றும் விட்டார்கள். ஆனால் அந்த மூன்று கிழமையில் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம் இல்லை. பந்தின் தையல் குதிரை லாடம் போல வளைந்து போகும், அதற்குக் குறுக்கே இரண்டு விரலை வைத்து எறிந்தால் பந்து விலகாமல் போகும், அதையும் கண்ணால் பார்க்காமல் கையுறைக்குள் விரலால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். மகன் டிவிக்கு முன்னால் இருந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தான். எறியும் முன் தோளை இலக்குக்குத் திருப்ப வேண்டும், எறியும் கைக்கு எதிர்க் கால் இலக்கைப் பார்த்து விழ வேண்டும், முழங்கை தோளுக்குக் கீழே தொங்கக் கூடாது. நிலத்தோடு வரும் பந்துக்கு குனிந்து, கையுறை கீழே, மற்றக் கை மேலே, முதலை வாய் திறந்த மாதிரி. சின்னப் பிள்ளைகள் "முதலை, முதலை" என்று கத்திக்கொண்டே பந்தை அமுக்குவதைப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்த வகுப்பில் மிகவும் பிடித்தது இதுதான்: யாரும் சும்மா நிற்பதில்லை. இருபது பிள்ளைகளையும் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து மைதானத்தின் நாலு மூலையிலும் விடுவார். ஒரு மூலையில் பிவிசி குழாயின் தலையில் சைக்கிள் டியூப் வெட்டிச் செருகி, அதன் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். இன்னொன்றில் உருண்டு வரும் பந்து, அடுத்ததில் உயரப் பந்து, கடைசியில் பேஸ் சுற்றி ஓட்டம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில், மூலை மாறும். ஒரு நாள் வேலை இல்லாமல் இருந்து எண்ணினேன், என் மகன் அன்றைக்கு மட்டும் எழுபத்து மூன்று தடவை பந்தை எறிந்தான். போன இடத்தில் ஒரு மாதத்துக்கும் அவ்வளவு வராது.

எழுபத்து மூன்று என்றதும் கை என்னாகும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கிட்டத்தில் நின்று மெதுவாக எறிவது வேறு, பிட்சர், அதாவது அடிக்கிறவருக்குப் பந்து எறிகிறவர், தன் மேட்டில் நின்று முழுப் பலத்தோடு எறிவது வேறு, எண்ண வேண்டியது இரண்டாவதை என்றார் சேர். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக் என்கிற சிறுவர் அமைப்பில் இதற்கு எழுதி வைத்த கணக்கே இருக்கிறது: 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 75 எறி, 11, 12 வயதுப் பிள்ளை 85. ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நாலு நாள் ஓய்வு. 41 அல்லது அதற்கு மேல் எறிந்த பிள்ளையை அதே நாளில் கேட்சராக (அடிக்கிறவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கிறவர்) போடவும் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவர். வளர்கிற வயதில் முழங்கையின் உட்பக்கம் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், மீண்டும் மீண்டும் இழுபட்டால் அங்கே வலி தொடங்கும். பெரியவர்களுக்கு அதே பக்கத்தில் தசைநார் அறுந்துவிடுகிறது. 1974இல் டொமி ஜோன் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்த அறுவை சிகிச்சைக்கு இன்றைக்கும் அவருடைய பெயர்தான். எங்கள் சேர் 85 எல்லாம் போவதில்லை, 40 வந்ததும் ஆளை மாற்றுகிறார். வளைந்து போகிற கேர்வ் போல் எறியக் கற்றுத் தரச் சொல்லிப் பெடியன்கள் கெஞ்சுகிறார்கள், மாட்டேன் என்கிறார். முதலில் நேர்ப் பந்து, பிறகு அதே கை வீச்சில் மெதுவாக வருகிற பந்து, அவ்வளவுதான். எண்ணும் கொப்பி அம்மாமார் கையில். கதை பேசிக்கொண்டு இருந்தால் எண்ணிக்கை தவறும் என்பதால் எங்கள் வாயும் அடைபட்டது, நல்ல உபாயம்.

என் மகன் இடக்கைக்காரன். இடக்கையால் எறிகிறவர்களை வழக்கமாக பிட்சர், முதல் பேஸ், வெளிக்களம் இந்த மூன்று இடத்தில்தான் விடுவார்கள். மூன்றாவது பேஸில் நின்றால் முதல் பேஸுக்கு எறிய உடம்பை முழுதாகத் திருப்ப வேண்டி வரும், நேரம் போய்விடும். இருந்தும் சேர் அவனை மூன்றாவது பேஸிலும் விடுகிறார், கேட்சராகக் கூட இரண்டு தரம் விட்டார். பதினாலு வயதுக்குப் பிறகு இடம் பார்ப்போம், அதுவரைக்கும் எல்லா இடத்திலிருந்தும் விளையாட்டு எப்படித் தெரிகிறது என்று பார்க்கட்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு அட்டை தருவார். பதினெட்டு மீற்றரில் தொங்கும் டயருக்குள் பத்துப் பந்தில் எத்தனை போனது, முதல் பேஸ் வரைக்கும் ஓட எத்தனை செக்கன், இப்படி ஐந்தாறு விஷயம். முதல் அட்டையில் டயருக்குள் 2, இப்போது 6. மற்றப் பிள்ளையின் எண்ணிக்கை அந்த அட்டையில் இருக்காது, கேட்டாலும் சொல்ல மாட்டார். மாமா கேட்டுப் பார்த்தார்.

சரி, சண்டை வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது மாதம் வெளியிலிருந்து ஒரு அணி வந்தது. சோறு கட்டிக்கொண்டு குடும்பமாகப் போயிருந்தோம். எங்களில் நன்றாக எறிகிற ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், அவள் நின்றிருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம். சேர் அவளை இரண்டு இன்னிங்சோடு எடுத்துவிட்டு, அதுவரை ஒரு போட்டியிலும் பிட்ச் பண்ணாத ஒரு பெடியனைப் போட்டார். வரிசையாக நாலு பேருக்கு நாலு நாலு பந்து அடிக்கிற எல்லைக்கு வெளியே போனது, அப்படிப் போனால் அடிக்காமலே முதல் பேஸ் கிடைக்கும், எல்லாரும் நடந்தே பேஸுக்குப் போனார்கள். முடிவு 14க்கு 3. அந்தப் பெடியனின் அப்பாவே தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நானும் கோபத்தில் போய், "சேர், வெல்லக்கூடிய மெச்சை விட்டுட்டீங்களே" என்றேன். "அக்கா, அவன் எப்ப பழகுறது?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் பந்து பொறுக்கிய நாலு மாதம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் முழுக்க ஒத்துக்கொள்ளவும் இல்லை. அழுதுகொண்டு நின்ற அந்தப் பிள்ளையை ஏழு ஓட்டம் போகும் வரைக்கும் அங்கேயே விட்டது அதிகம், நாலோடு மாற்றியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். அதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

இனிக் குறைகள். ஒன்பது மாதத்தில் இரண்டே இரண்டு போட்டி. பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும்தானே, மாதம் ஒரு தரமாவது தங்களுக்குள் பிரித்து விளையாட விடலாம். ஹெல்மெட் மூன்றுதான், மாறி மாறிப் போடுவதில் பேன் வந்தது, இப்போது தலையில் துணி கட்டி அனுப்புகிறேன். மாரி மழைக்கு மூன்று கிழமை வகுப்பு இல்லை, காசு மட்டும் முழுதாக வாங்கினார்கள். கச்சான் வீசும் மாதங்களில் மூன்றரை மணிக்குத் தொடங்குவது கொடுமை, காற்று உயரப் பந்தை இழுத்துக்கொண்டு போகும், பிள்ளைகள் காய்ந்து போவார்கள். நாலரைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஞாயிறு காலை வைப்போமா என்றார், அறநெறி வகுப்பு இருக்கிறது என்று நாங்கள்தான் மறுத்தோம். மான்களைப் பற்றி முறையிடுவதா வேண்டாமா தெரியவில்லை. திருமலை மான் அல்லவா, கேட்டுவிட்டா வரும், வெளிக்களத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அவை எழும்பிப் போகும் வரைக்கும் ஆட்டம் நிற்கும். புழுக்கையைத் தட்டிவிட்டு விளையாடப் பழகிவிட்டார்கள்.

பல்லுப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தொடக்கத்தில் மெத்தென்ற பந்துதான், கடினப் பந்து ஆறு மாதத்துக்குப் பிறகு. அது கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் பாரம் குறைவு, 142இலிருந்து 149 கிராம் வரை, ஆனால் பட்டால் வலியில் வித்தியாசம் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையின் கையில்தான் துடுப்பு இருக்கலாம் என்பதில் சேர் பொல்லாதவர். அந்த ஒரு விஷயத்துக்குத்தான் அவர் சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறேன். இதுவரைக்கும் விரல் வீக்கம் இரண்டு, மூக்கில் இரத்தம் ஒன்று. கிரிக்கெட் கெடுமா என்றால், எறிவது திருந்தியிருக்கிறது, பிடி எடுப்பது திருந்தியிருக்கிறது, துடுப்பாட்டம் மட்டும் எல்லாவற்றையும் குறுக்கே வீசுகிறான். இரண்டையும் ஒன்றாகப் பழக்கினால் அந்தச் சிக்கல் இருக்கும்.

இதில் போய் எங்கே நிற்பான் என்று மாமா இன்னும் கேட்கிறார். நாட்டில் பேஸ்பாலுக்கென்று ஜப்பான் உதவியோடு கட்டிய மைதானம் ஹோமாகம பக்கம் தியகமவில் இருக்கிறது, இங்கிருந்து இரவு பஸ் தூரம். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் இருக்கிறது, கிரிக்கெட்டும் இருக்கிறது. நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்கே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வாசலில் இருக்கிறான், கிரிக்கெட்டுக்கு அனுப்பிய நாளில் வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்வான்.

சேர்க்க நினைத்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது சரி, அதற்குக் கீழ் என்றால் அந்த மூன்று கிழமையைத் தாங்க மாட்டார்கள். கிண்ணம் வாங்கி வந்து ஷோகேஸில் வைக்க ஆசை என்றால் வேறு இடம் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் பெரியதாகக் கொடுத்து விடுங்கள், மைதானத்தில் குழாய் இல்லை. கையுறையை அங்கேயே தருவார்கள், ஆனால் இடக்கைப் பிள்ளை என்றால் கஷ்டம், மொத்த வகுப்புக்கும் வலக்கையில் போடுகிற கையுறை ஒன்றே ஒன்று, அதற்கும் இப்போது இரண்டாவது இடக்கைக்காரி வந்துவிட்டாள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ யாரிடமாவது பழைய கையுறை கிடந்தால் சொல்லுங்கள். வலக்கையில் போடுவதாக இருக்க வேண்டும், பதினொரு அங்குலம் போதும், தோல் காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் பூசி எடுத்துக்கொள்வோம்.