இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: அல்சூர் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்திருந்த 2020 ஜூன் மாதத்தில், பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பாத்திரக் கடையில் 5,200 ரூபாய் கொடுத்து இந்தக் கிரைண்டரை வாங்கினோம். இரண்டு லிட்டர் கொள்ளளவு, மூன்று கற்கள், 150 வாட் மோட்டார், அரைத்து முடித்ததும் பாத்திரத்தைச் சாய்த்து மாவை வழித்துக்கொள்ளும் டில்டிங் வகை, கோயம்புத்தூரில் செய்தது. இன்றுவரை வாரம் இரண்டு முறை அதில்தான் மாவு அரைக்கிறேன் என்பதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி எழுத முடியும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் மாவு அரைத்ததே இல்லை. தெருமுனையில் ஒரு அம்மாள் அரைத்து விற்ற மாவை வாங்கிக்கொண்டிருந்தோம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பால் பாக்கெட்டைக்கூடச் சோப்பு நீரில் கழுவி உள்ளே எடுத்துவந்த அந்த நாட்களில், வேறு யாரோ அரைத்த மாவை வாங்கவும் மனம் வரவில்லை. மிக்ஸியில் அரைத்துப் பார்த்தேன். மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுழல்வதால் உளுந்து சூடாகிவிடுகிறது. சூடான உளுந்து நுரைத்துப் பொங்குவதில்லை, அதில் காற்றும் தங்குவதில்லை. ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்தும், இட்லி தட்டையாகத்தான் வந்தது. என் மாமியாருக்கு அப்போது 68 வயது, பல் உறுதியில்லாதவர். அவர் அந்த இட்லியைச் சாம்பாரில் நெடுநேரம் ஊறவைத்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் கிரைண்டர் வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கல்லின் வேலை வேறு வகையானது. பாத்திரத்தின் அடியில் கருங்கல் பதித்திருக்கிறது. அதன் மேல் மூன்று குழவிக்கற்கள் உருண்டு, உளுந்தை வெட்டாமல் நசுக்குகின்றன. மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆட்டுக்கல்லில் கை செய்த வேலையை 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மோட்டாருக்கு மாற்றினார். அந்த ஊர்க் கிரைண்டருக்குப் பிற்பாடு புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் பிறந்த ஊரும் அதுதான். இ-பாஸ் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்ட முடியாத அந்த ஆண்டில் அம்மாவைப் போய்ப் பார்க்க முடியவில்லை. அவர் ஊரிலிருந்து வந்த கல் மட்டும் என் சமையலறையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா வீடியோ அழைப்பில்தான் எனக்கு மாவு ஆட்டக் கற்றுக்கொடுத்தார். நான்கு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்துக்கு முப்பத்தைந்து நிமிடம். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், கையால் தெளித்துத் தெளித்து விட வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி அரைபடும்போது போனைக் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். கரகரப்பு அடங்கியதும், "போதும் கண்ணு, நிறுத்து, ரவைப் பதம் வந்திருச்சு" என்பார். இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து சத்தத்தை வைத்தே சொன்ன பதம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரைண்டர் ஓடும்போது அதே அறையில் பேச முடியாது. கணவர் படுக்கையறையில் அலுவலகக் கூட்டத்திலும், மகன் கூடத்தில் இணைய வகுப்பிலும் இருப்பார்கள் என்பதால், எங்கள் வீட்டில் மாவு ஆட்டும் நேரம் மாலை ஆறரைக்கு மாறியது. மின்செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல. ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது.

2021 மே மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத என்னால் முடியாது. கர்நாடகத்தில் மீண்டும் ஊரடங்கு. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மட்டுமே மளிகைக் கடைகள் திறந்திருந்தன. முதலில் கணவருக்கும், மூன்று நாள் கழித்து மாமியாருக்கும் எனக்கும் கொரோனா தொற்று உறுதியானது. மகனுக்கு மட்டும் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அவனைக் கூடத்தில் தனியே படுக்க வைத்து, வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் அணிந்து நடமாடினோம். காய்ச்சல் தணிந்த பிறகு எங்கள் மூவருக்கும் சுவையும் மணமும் போய்விட்டன. ரசம் வெந்நீராக இருந்தது, ஊறுகாய் வெறும் எரிச்சலாக இருந்தது. மாமியார் எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். அவர் மறுக்காமல் சாப்பிட்டது இட்லி ஒன்றைத்தான். காரணம் கேட்டேன். "ருசி ஒண்ணும் தெரியலம்மா. ஆனா நாக்குல வெச்சா பஞ்சாட்டம் இருக்குன்னு தெரியுது, அது போதும்" என்றார். சுவை போனாலும், மென்மை நாக்குக்குத் தெரிகிறது. அந்த மென்மையைத் தந்தது இந்தக் கல். அவர் உடம்பில் தெம்பு குறையாமல் காத்ததில் இந்த இயந்திரத்துக்கும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் மாவு புளித்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அளவு மீறிப் புளித்திருந்தால் மூக்குதான் சொல்ல வேண்டும். ஆகவே மூடிய பாத்திரத்தைக் கூடத்து வாசலில் வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிடுவேன். ஏழாம் வகுப்பு படித்த மகன் கையைக் கழுவிக்கொண்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இன்னிக்கு ஊத்தலாம்மா" என்றோ, "இது தோசைக்குத்தான்" என்றோ சொல்வான். மூன்று வாரம் எங்கள் வீட்டின் மூக்கு அவன்தான்.

அதே மாதத்தில் கிரைண்டரின் பெல்ட்டும் அறுந்தது. மோட்டார் ஓடுகிறது, பாத்திரம் சுற்றவில்லை. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றாலும், வாங்கிய கடை மூடிக் கிடந்தது, பழுது பார்க்கும் மையத்தின் எண்ணை யாரும் எடுக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்த பின் பக்கத்துத் தெரு மெக்கானிக் பத்தே நிமிடத்தில் புது பெல்ட் மாட்டித் தந்தார். அன்று கூடுதலாக ஒரு பெல்ட்டும் வாங்கி வைத்தேன். இதை வாங்குபவர்கள் முதல் நாளே அப்படிச் செய்துகொள்வது நல்லது.

வேறு குறைகளும் உண்டு. ஓரத்து மாவை வழித்துவிடும் பிளாஸ்டிக் பட்டை ஓராண்டிலேயே தேய்ந்துவிட்டது. அடுத்து வாங்கியதும் அப்படித்தான். பாத்திரமும் கல்லும் சேர்ந்து கனமாக இருப்பதால், வயதானவர்கள் தூக்கிக் கழுவ முடியாது. சாய்க்கும் வசதி மாவை வழிக்க மட்டுமே உதவும், கழுவ உதவாது. கல்லை உடனே கழுவாவிட்டால் மாவு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பெங்களூரு டிசம்பர்க் குளிரில் மாவு பொங்கப் பதினாறு மணி நேரம் ஆவதற்குக் கிரைண்டரைக் குறை சொல்ல முடியாது. நான் பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைக்கிறேன்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் சரியான அளவு. வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடென்றால் இதைவிடச் சிறியதை வாங்குங்கள்; வாங்கும் முன் கடையிலேயே கல்லையும் பாத்திரத்தையும் அவர்களைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.